லென்ஸ் ஹூட்டை எப்போதும் மாட்டியே வைக்கலாமா?

கேள்வி: என் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸுக்குத் தனியாக ஒரு ஹூட் (லென்ஸின் முகப்பில் மாட்டும் நிழல் மறைப்பு) வாங்கினேன். வெயிலில் மட்டும் மாட்டினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். எப்போதும் இருக்கட்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நான் இரண்டாமவர் கட்சி. கழற்ற ஒரு காரணம் இருந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அது லென்ஸிலேயே இருக்கட்டும்.

ஏன் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஹூட்டைக் கழற்றிவிட்டு, சூரியன் எதிரே சற்றுப் பக்கவாட்டில், ஆனால் படத்துக்கு வெளியே இருக்கும்படி நின்றுகொண்டு ஒருவரின் முகத்தை ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டரில் பார்த்தபடியே, கண் கூசும்போது நெற்றியில் கை வைப்போமே, அதுபோல லென்ஸின் முகப்பில் உங்கள் உள்ளங்கை நிழல் விழட்டும். சாம்பல் பூத்தாற்போல் வெளிறிக் கிடந்த தலைமுடி சட்டென்று கறுத்துவிடும். கையை எடுத்தால் மறுபடி வெளிறும்.

படத்துக்குத் தேவையே இல்லாத வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்து, சென்சார் முழுக்கப் பரவுவதால் வரும் வினை இது. வட்ட வட்டமாக ஒளிப்பொட்டு விழுந்தால் அது உடனே கண்ணில் படும், கொஞ்சம் நகர்ந்து நின்று சரிசெய்துவிடலாம். மெல்லிய பனிபோல் படரும் வெளிறல்தான் மோசம். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்வரை பெரும்பாலும் அது தெரிவதில்லை. இன்றைய லென்ஸ் பூச்சுகள் இதை நன்றாகவே குறைக்கின்றன, ஆனால் அடியோடு ஒழிப்பதில்லை. யூவி ஃபில்டர் போட்டிருந்தால் எதிரொளிக்க இன்னும் ஒரு கண்ணாடி கூடுகிறது, அப்போது ஹூட் இன்னும் அவசியம்.

வெயில் இல்லாத நேரத்திலும் இது நடக்கும். இரவில் தெருவிளக்கு, மேடை விளக்கு, அறையில் பக்கவாட்டு ஜன்னல் எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

ஹூட்டால் ஆகாததும் உண்டு. சூரியன் படத்துக்குள்ளேயே இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், உங்கள் ஹூட், காட்சி மிக அகலமாக விழும் 18 மி.மீ.யில் படத்தின் மூலைகளை மறைக்காத அளவுக்குக் குட்டையாகத்தான் இருக்கும். காட்சி குறுகும் 55க்குப் போகும்போது அது தரும் நிழல் போதாது. அங்கே அதே உள்ளங்கையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விரல் படத்தில் விழாமல்.

எனக்கு ஹூட் மேல் தனிப் பிரியம் வர இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை படியிறங்கும்போது கேமரா தோளிலிருந்து நழுவிச் சுவரில் மோதியது. ஹூட்டின் விளிம்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. தூறலும் விரல் ரேகையும் படாமல் அது தினமும் காப்பது இருக்கவே இருக்கிறது.

சரி, எப்போது கழற்றுவது? கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃபிளாஷைப் போட்டால் கட்டாயம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும். ட்ரைபாடில் வைத்து நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும்போது பலத்த காற்றடித்தால், ஹூட் காற்றை வாங்கிக் கேமராவை ஆட்டும். பூச்சி, பூ என்று மிக நெருங்கி எடுத்தால் அதன் நிழலே பொருள்மேல் விழும். பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் போலரைசர் ஃபில்டரைச் சுற்ற விரல் நுழையாவிட்டாலும் கழற்றத்தான் வேண்டும்.

உங்களுடையது, விளிம்பு பூவிதழ்போல் வளைந்து வளைந்து இருக்கும் இதழ் வடிவ ஹூட் என்றால், நீளமான இரண்டு இதழ்களும் மேலும் கீழும் வர வேண்டும். ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை திருகுங்கள். பாதியில் நின்றால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும் பழைய லென்ஸ்களுக்கு இதழ் வடிவம் ஒத்துவராது, வட்ட ஹூட்தான் சரி.

பைக்குள் வைக்கும்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இடம் மிச்சம். ஆனால் படம் எடுக்கும்முன் மறக்காமல் நேராக மாட்டிவிடுங்கள். திருப்பி மாட்டிய ஹூட் நிழலும் தராது, ஜூம் வளையத்தைத் திருப்பவும் விடாது.