சிராய்ப்புக்குப் பூச வீட்டிலேயே களிம்பு செய்யலாமா?

விளையாடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பூச, இயற்கைப் பொருட்களைக் கொண்டு களிம்பு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் தொடங்கினேன், இன்றும் செய்துவருகிறேன். ஆனால் முதல் முறை செய்தது முழுவதையும் கொட்ட நேர்ந்தது. அதையே முதலில் சொல்கிறேன்.

தொட்டியில் வளர்ந்த கற்றாழையைச் சீவி, அதன் சோற்றை எண்ணெயோடு அடித்துப் போத்தலில் அடைத்தேன். இரண்டாம் கிழமை திறந்தால் மேலே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். கற்றாழைச் சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். தனி எண்ணெயில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. தண்ணீர் சேர்ந்துவிட்டால் பெருகும். கடைக் களிம்புகளில் அதைத் தடுக்கப் பதனப்பொருள் சேர்க்கிறார்கள். நாம் சேர்ப்பதில்லை. ஆகவே வீட்டுக் களிம்பில் ஒரு சொட்டு ஈரமும் கூடாது. கற்றாழை வேண்டுமென்றால் வெட்டிய கையோடு பூசிவிடுங்கள்.

இப்போது நான் சேர்ப்பவை தேங்காயெண்ணெய், வல்லாரை, மஞ்சள், தேன்மெழுகு மட்டுமே. சம்பலுக்கு வாங்கும் வல்லாரையில் இரண்டு கட்டு எடுத்துக் கழுவி, நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். அடைமழை நாட்களில் கொழும்பில் எதுவும் சரியாகக் காயாது. அந்த நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மஞ்சளைக் கிழங்காக வாங்கி நீங்களே இடியுங்கள். 2020இல் மஞ்சள் விலை எகிறி, மாக் கலந்த தூள் கடைகளில் புழங்கியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தூளைப் பிள்ளையின் காயத்தருகே கொண்டுபோக எனக்கு மனம் வராது.

தேன்மெழுகுக்குப் புறக்கோட்டை கெபோஸ் லேனில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் விசாரியுங்கள். சிங்களத்தில் ‘மீ இட்டி’ என்று கேட்டால் உடனே விளங்கும். முகர்ந்து பாருங்கள், தேன் வாசம் வர வேண்டும். வாசமே இல்லாமல் வெள்ளையாக வழுவழுத்தால் அது மெழுகுதிரி வார்க்கும் மெழுகாக இருக்கக்கூடும்.

200 கிராம் எண்ணெயில் உலர்ந்த வல்லாரையையும் ஒரு தேக்கரண்டி மஞ்சளையும் போட்டு, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் கொதிக்கும் தாச்சிக்குள் இறக்கி, சிறு தீயில் இரண்டு மணி நேரம் வையுங்கள். நேரே அடுப்பில் வைத்தால் இலை கருகிவிடும். பாத்திரம் உயரமாக இருந்தால் தண்ணீர் உள்ளே தெறிக்காது. பிறகு வெள்ளைத் துணியில் வடித்து, 50 கிராம் மெழுகைச் சீவிப் போட்டுக் கரைத்து இறக்குங்கள். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். மெழுகுக்கு 62 பாகையாவது வேண்டும். நமது வெக்கையில் களிம்பைக் கட்டியாக வைத்திருப்பது மெழுகுதான். குளிர்நாட்டார் சொல்லும் அளவு இங்கே காணாது. ஒரு துளியைக் கரண்டியில் ஆறவிட்டுப் பாருங்கள். ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு சேருங்கள். கொதிநீரில் போட்டு நன்றாகக் காயவைத்த போத்தலில் ஊற்றி, தேதியை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை. காறல் வாடை அடித்தால் அதற்கு முன்பே எறிந்துவிடுவேன்.

எங்கே பூசக்கூடாது என்பதை இன்னும் கவனமாகப் படியுங்கள். ஒரு நாள் வடை சுடும்போது எண்ணெய் தெறித்த கையில் இந்தக் களிம்பையே அப்பிக்கொண்டேன். அது பிழை. சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். ஆணி குத்திய காயத்தையும் ஆழமான வெட்டையும் களிம்பால் மூடாதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) நோய்க் கிருமி காற்று எட்டாத இடத்தில்தான் பெருகும். ஏற்பு ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்களின் கால் புண்ணில் கைவைத்தியமே வேண்டாம்.

பழைய ஆட்கள் மத்தன் தைலத்தைச் சொல்வார்கள். புண்ணுக்குப் பெயர்பெற்ற சித்த மருந்துதான், ஆனால் அதில் ஊமத்தையும் துருசு என்னும் செப்பு உப்பும் சேர்கின்றன. இரண்டும் அளவு தப்பினால் நஞ்சு. சித்த மருத்துவரிடம் வாங்குங்கள், வீட்டில் காய்ச்சாதீர்கள்.

முதலில் பிள்ளையின் முன்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவந்து அரித்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். தோல் மட்டும் உரசிய சிராய்ப்பென்றால் மண் போகக் கழுவி, இரத்தம் நின்றதும் ஒற்றி உலர்த்தி, சுத்தமான கையால் மெல்லியதாகப் பூசுங்கள். இரவில் பூசிப் பழைய துணியால் கட்டிவிடுங்கள். மஞ்சள் கறை பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையில் ஏறினால் லேசில் போகாது.