சுன்னாகத்தில் விலை பேசிய அந்தக் கறுப்புக் கல்

தம்பி, காந்தம் ஒட்டுகிறது, விண்கல்தான் என்று சொல்லி விற்கும் அந்தக் கல்லுக்கு முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, கொடுக்காதீர்கள். காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக அது விண்கல் ஆகிவிடாது. இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவான இரும்புக் கசடும் காந்தத்தில் ஒட்டும்.

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த பக்கத்தில், உள்ளுக்குள்ளேயும் குமிழ் குமிழாக ஓட்டைகள். எனக்கு இது ஒன்றே போதும். விண்கல்லுக்குள் அப்படி இருப்பது மிக அரிது, கசடில் சாதாரணம். வானத்திலிருந்து எரிந்து வரும்போது உருகுவது மேல்தோல் மட்டும்தான். மெல்லிய கறுப்புப் படலமாக அது ஒட்டியிருக்கும். புதிதாக விழுந்த கல்லை உடைத்தால் உள்ளே பெரும்பாலும் சாம்பல் நிறம், இடையிடையே இரும்புப் பொட்டுகள் மினுங்கும்.

"வலிகாமத்துத் தோட்டத்தில் கிண்டி எடுத்தது" என்ற கதையையும் நம்பாதீர்கள். எங்கள் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். பாரமான கறுப்புக் கல் அங்கே கிடந்தால் பெரும்பாலும் யாரோ கொண்டுவந்து போட்டதுதான்.

சரி, மனம் கேட்கவில்லையா? கோப்பையின் அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் உரசிப் பாருங்கள். செங்காவிக் கோடு விழுந்தால் ஹெமடைட், கருஞ்சாம்பல் கோடு என்றால் மேக்னடைட்; இரண்டும் பூமியில் கிடைக்கும் இரும்புத் தாதுக்கள். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

விண்கல் வாங்கத்தான் ஆசை என்றால், தொடக்கத்துக்கு 1947இல் ரஷ்யாவில் விழுந்த சிகோட்டே-அலின் விண்கல்லின் சிறு துண்டு நல்லது. பெயரும் எடையும் எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். அது இரும்பு, எங்கள் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.