பண்ருட்டிப் பக்கம் டிராகன் பழச் செடி வெயிலில் மஞ்சளாகிறது. 50% ஷேட் நெட் போடலாமா?

50% வேண்டாம், வெயிலில் 35% மறைக்கும் வலை போதும். டிராகன் பழம் கள்ளி இனம்தான், ஆனால் மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறி, இலை நிழலில் வளர்ந்த கள்ளி. வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் தண்டு வெந்துவிடும். அதற்காக இருட்டடிப்பு செய்தால் மொட்டு சரியாக வைக்காது. 50% வலைக்குக் கீழே தண்டு பச்சைப்பசேலென்று ஒல்லியாக ஓடிக்கொண்டே இருக்கும், காய் மட்டும் குறைந்துவிடும்.

முதலில், இது வெயில் வேலைதானா என்று பாருங்கள். வெயில் என்றால் மஞ்சள் ஒரு முகத்தில்தான் இருக்கும்: மேற்குப் பார்த்த பக்கம், செடியைத் தாங்கும் கம்பத்தின் உச்சி வளையத்தின் மேல் வளைந்து தொங்கும் இடம். தண்டைத் திருப்பினால் மறுபக்கம் பச்சையாக இருக்கும். சுற்றிலும் ஒரே மஞ்சள் என்றால் வேரையும் உரத்தையும் கவனியுங்கள். வெந்த இடம் வெளுத்து மெத்தென்று ஆகிவிட்டால் ஐப்பசி மழையில் அழுகல் அங்கேதான் நுழையும். வலை போடுவதே அதைத் தடுக்கத்தான்.

வெளிநாட்டு ஆப்பிள் தோட்ட வீடியோ பார்த்துவிட்டுச் சிலர் வரிசையின் பக்கவாட்டில் வலையைத் தொங்கவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது சரிவராது. இங்கே ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், மே, ஜூனில் சற்று வடக்கே சாயும். ஆகவே வலை மேலேதான் வேண்டும். பக்கத்தில் கட்டினால் ஆனி மேல்காற்று கிழித்துவிடும், பூவுக்கு வரும் தேனீக்கும் தடை.

வெள்ளை அல்லது பச்சை நிறத்தில், யு.வி. தாங்கும் வலையாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு வலை சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீள ரோல் ஒரு வரிசைக்குச் சரியாக வரும். வரிசைக்கு வரிசை 12 அடி இடைவெளி விட்டு நட்டிருந்தால் இரண்டு வலைப் பட்டைக்கு நடுவே 2 அடி திறந்திருக்கும். அதை மூடாதீர்கள், சூடு வெளியேற அதுதான் வழி.

கம்புக்கு நம் பக்கத்துச் சவுக்கே போதும். 12 அடிக் கம்பு, இரண்டரை அடி மண்ணுக்குள், கரையானுக்காக அடியில் தார். 16 அடிக்கு ஒன்று நட்டு, உச்சியில் 10 அடிக் குறுக்குக் கம்பு கட்டி, இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். செடியின் தலைக்கும் வலைக்கும் 3 அடியாவது வேண்டும், தாழ்ந்தால் அனல் அடியிலேயே தங்கும். குறுக்குக் கம்பின் நடுவிலும் இரு முனையிலுமாக மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி இழுத்து, வரிசைக் கடைசியில் தரையில் முளையடித்து விறைப்பாகக் கட்டுங்கள். வலை கிழிவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, தொய்ந்து படபடத்துக் கம்பியில் உரசுவதால்தான். ஓரத்தை இரண்டாக மடித்து, அந்த மடிப்பில் கிளிப் போடுங்கள்.

மார்ச் நடுவில் விரித்து ஜூலைக்குள் சுருட்டிவிடுங்கள். மேகமூட்டமான வாரமாகப் பார்த்து, ஒரு ஓரத்தை அவிழ்த்துச் சில நாள் விட்டு மறு ஓரத்தை அவிழ்ப்பது நல்லது. நிழலுக்குப் பழகிய தண்டு ஒரேயடியாக வெயிலைப் பார்த்தால் அன்றைக்கே வெந்துவிடும். கோடையில் கவாத்து செய்து உள்தண்டை வெயிலுக்குத் திறந்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான். மழைக்காலத்தில் மட்டும் வலையை மேலே விடாதீர்கள். 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்' என்று புயல் கரையேறும் ஊர் இது. விரித்த வலை காற்றைப் பிடித்துக் கம்போடு செடியையும் சாய்த்துவிடும்.

இந்த வருடம் வலைக்குப் பணமில்லை என்றால் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் பொடியை லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து, மேற்கு முகமும் உச்சியும் வெளுக்கத் தெளியுங்கள். மழை பெய்தால் கழுவிவிடும், திரும்ப அடிக்க வேண்டும். புதுக் கன்றுகளுக்குக் வெற்றிலைக் கொடிக்காலில் செய்வதுபோல மேற்கே அகத்தி விதைத்தாலே போதும்.

வளையமாகப் பழைய டயர் வைத்திருந்தால் தண்டு படும் இடத்தில் சாக்கு சுற்றுங்கள், கறுப்பு ரப்பர் சூட்டில் தண்டு வேகும். மதியத்தில் சொட்டுநீர் திறக்காதீர்கள். கறுப்புக் குழாயில் நின்ற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேரில் விழும். விடிகாலையிலோ பொழுது சாய்ந்தோ விடுங்கள்.