சூம் வகுப்பும் வகுப்பறையும்: திருகோணமலை மாணவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இணையவழி வகுப்பையும் நேரடி வகுப்பையும் சேர்த்து நடத்தும் கலப்புக் கற்றலைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சியிலும் கல்வி ஆய்விலும் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

நிலாவெளி, விடுதி மாணவி: சேர், 2020இல் படித்த பட்ச்காரர் நேரடி வகுப்புத்தான் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பட்சில் பலர் பாதி வகுப்பு இணையத்திலேயே இருக்கட்டும் என்கிறார்கள். மாணவர்களின் கருத்து ஏன் இப்படி மாறிவிட்டது?

கருத்து மாறவில்லை, பிள்ளை. அவர்களுக்குக் கிடைத்ததும் உங்களுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. 2020 மார்ச்சில் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டபோது, வகுப்பறையில் இரண்டு மணித்தியாலம் நடந்த விரிவுரையை அப்படியே தூக்கிச் சூமில் வைத்ததைத் தவிர வேறெதையும் செய்ய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. லேர்ன் எனப்படும் கல்வி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகத் தளங்களுக்குக் கட்டணமில்லாத இணைப்பு கிடைத்தது உண்மைதான். ஆனால் வீட்டில் சிக்னல் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? அந்த மாணவர்கள் நேரடி வகுப்பு வேண்டும் என்று சொன்னபோது, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுத் தெளிவதையும், நூலகத்தையும், நாளுக்கு ஓர் ஒழுங்கையும் கேட்டார்கள். இன்று பாதி இணையம் கேட்பவர்கள் புல்மோட்டையிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ்ஸில் வந்து, ஒரேயொரு கோட்பாட்டு விரிவுரையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் அலைச்சலைக் குறைக்கக் கேட்கிறார்கள். இரு பட்ச்காரரையும் உட்கார்த்தி வைத்து விசாரித்தால், விளக்கத்தைத் திரும்பக் கேட்க வழி வேண்டும், சந்தேகம் வந்தால் முகம் பார்த்துக் கேட்க ஆள் வேண்டும் என்று ஒன்றையேதான் சொல்வார்கள். எந்த வேலையை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மாணவரின் விருப்பும் வெறுப்பும் அமைகின்றன.

கந்தளாய்: இணையவழி, நேரடி இரண்டில் எது சிறந்தது?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கிண்ணியா, இறுதியாண்டு மாணவி: சேர், கலப்புக் கற்றல் பற்றிய மாணவர் கருத்தே எனது ஆய்வுத் தலைப்பு. 25 கேள்விகளுடன் கூகுள் படிவம் தயாரித்து வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் திருப்தி என்றே எழுதியிருக்கிறார்கள். முடிவுரையை எழுதத் தொடங்கலாமா?

எழுத வேண்டாம். இணைய இணைப்பைப் பற்றிய கருத்தை இணையத்தின் வழியாக மட்டும் கேட்டால், இணைப்பு இருப்பவரின் கருத்துத்தான் உங்கள் கைக்கு வரும். எத்தனை பேர் திருப்தி என்றார்கள் என்று எண்ணுவதற்கு முன், பதில் எழுதாதவர்கள் யார் என்று பாருங்கள். இந்தப் பதில்களில் இதை நான் பல முறை சொல்லப்போகிறேன், ஏனெனில் நான் வாசித்த மாணவர் ஆய்வுகளில் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுதான். பட்ச் பட்டியலை எடுத்து, படிவத்தை நிரப்பாதவர்களில் பத்துப் பேரையாவது நேரில் சந்தியுங்கள் அல்லது அழைத்துப் பேசுங்கள்.

இரண்டாவதாக, திருப்தி வேறு, கற்றது வேறு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்புகளில் லூயி டெலோரியேவும் அவரது குழுவினரும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களே கணக்கைச் செய்து பார்த்துப் படித்த வகுப்பும், நல்ல விரிவுரையாளர் சரளமாக விளக்கிய வகுப்பும் ஒப்பிடப்பட்டன. விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். பரீட்சையிலோ, தாங்களே செய்து படித்தவர்கள்தான் கூடுதல் புள்ளி பெற்றார்கள். சிரமப்பட்டுக் கற்கும்போது நமக்கு ஒன்றும் விளங்கவில்லையோ என்று தோன்றுவதுண்டு. ஆகவே, "இணையவழி வகுப்பு பயனுள்ளதா?" என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை குறியிடச் சொல்லும் கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். அவற்றின் இடத்தில், "கடைசியாக உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தபோது என்ன செய்தீர்கள்?", "கடந்த வாரம் எந்த வகுப்பைத் தவறவிட்டீர்கள், எதனால்?" என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது மாணவர்கள் ஆசிரியரைத் திருப்திப்படுத்த எழுதுவது குறைவு.

சேருவில: ஒரு மணித்தியால வகுப்புக்கு எவ்வளவு டேட்டா போகும்? எங்கள் ஆசிரியர் எல்லாவற்றையும் வீடியோவாகவே அனுப்புகிறார்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட் என்பதால், வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் வீடியோ ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். அதே விளக்கத்தைக் குரலாக மட்டும், வினாடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிவுசெய்தால் 14.4 மெகாபைட்டே போதும், அதாவது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. குரல் பதிவும் அதனோடு பிடிஎஃப் குறிப்பும் அனுப்பினால், பெரும்பாலான கோட்பாட்டுப் பாடங்களுக்கு அது தாராளம். உங்கள் ஆசிரியரிடம் இந்தக் கணக்கைப் பணிவாகக் காட்டுங்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, தரவிறக்கி வைத்துக் கேட்கக்கூடிய குரல் பதிவு எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பலர் அனுபவத்தில் அறிந்தார்கள்.

திருகோணமலை நகர், ஒரு தாய்: எந்த போன் வாங்கிக் கொடுக்கலாம்?

இது என் துறை அல்ல, அம்மா. விற்பவரைக் கேட்பதைவிட, அதே போனை ஒரு வருடமாவது பாவித்த மாணவர் ஒருவரைக் கேளுங்கள்.

உப்புவெளி, தற்காலிக விரிவுரையாளர்: அறுபது பேர் இருக்கும் சூம் வகுப்பில் அறுபது கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன். கமராவைக் கட்டாயமாக்கினால் என்ன தவறு?

உங்கள் வருத்தம் நியாயமானது. முகம் தெரியாமல் கற்பிப்பது ஆசிரியரை உள்ளுக்குள் வாட்டும். ஆனாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். கமராவை ஏன் இயக்குவதில்லை என்று கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2021இல் வெளியான ஆய்வில், தன் தோற்றத்தைப் பற்றிய கூச்சமே முதற்காரணமாக வந்தது. பின்னால் வீட்டாரும் வீடும் தெரிந்துவிடும் என்ற தயக்கமும், இணைப்புப் பலவீனமும் சொல்லப்பட்டன. வசதியுள்ள நாட்டிலேயே நிலைமை இப்படி.

மூதூர், மாணவர்: சேர் சொல்வது சரி. எங்கள் வீட்டில் ஓர் அறைதான். உம்மா தைத்துக்கொண்டிருப்பார், தம்பி படித்துக்கொண்டிருப்பான். அவர்களை ஏன் அறுபது பேருக்குக் காட்ட வேண்டும்?

உப்புவெளி, அதே விரிவுரையாளர்: முதல் ஐந்து நிமிடமாவது முகத்தைக் காட்டலாமே? வகுப்பறைக்கு வந்தால் முகத்தை மூடிக்கொண்டா இருப்பார்கள்? இது மரியாதையும் ஒழுக்கமும் சார்ந்த விடயம்.

திருகோணமலை நகர், மாணவி: போன வருடம் கமராவை இயக்கியபோது ஒருவர் என் முகத்தைத் திரையோடு படமெடுத்து வட்ஸ்அப்பில் பரப்பினார். அதற்குப் பிறகு நான் இயக்குவதில்லை. இதில் மரியாதைக் குறைவு யாருடையது?

பிள்ளை எழுதியதை வாசித்த பிறகு, நான் எழுதியிருந்த பதிலைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். ஐந்து நிமிடம் என்ற சமரசத்துக்கு நானும் சம்மதிக்கவே இருந்தேன். இப்போது சம்மதமில்லை, ஏனெனில் ஒரு படம் எடுக்க ஒரு வினாடி போதும். வகுப்பறையில் நம் முகத்தைப் பார்ப்பவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியும். திரையின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இதனால் வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பேசுவது பொருந்தவில்லை.

விரிவுரையாளர் தேடுவது முகத்தையல்ல, மாணவர் அங்கே இருக்கிறார் என்ற உணர்வை. காரிசன், அன்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூன்று கல்வி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இணையவழிக் கற்றலுக்கு எழுதிய விளக்கத்தில் இதைச் சமூக இருப்பு என்றார்கள். அறிவுசார் இருப்பும் (சேர்ந்து யோசித்துப் பொருள் காண்பது) கற்பித்தல் இருப்பும் (ஆசிரியர் திட்டமிட்டு வழிநடத்துவது) அதோடு சேர்ந்தால்தான் கற்றல் நடக்கும் என்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது எழுத்து வழியான உரையாடலை, அதாவது முகமே தெரியாத வகுப்புகளை. ஆகவே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிப் பதில் எழுதக் கேளுங்கள், முதல் வார வகுப்புகளை நேரடியாக நடத்தி ஒவ்வொருவரின் முகத்தையும் குரலையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி, அதே விரிவுரையாளர்: பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பலன் இருந்தது. ஆனால் எழுத்தில் வரும் பதிலை நண்பனும் எழுதிக் கொடுக்கலாம் அல்லவா?

ஆம், எழுதிக் கொடுக்கலாம். இதில் உங்கள் பக்கம் உண்மை இருக்கிறது. புள்ளி வழங்கும் வாய்மொழிப் பரீட்சையையும் விளக்க உரையையும் நேரடி நாளுக்கு மாற்றுங்கள். இணையத்தில் எழுதும் வரிகளுக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். புள்ளி இல்லாத இடத்தில் நண்பனைக் கொண்டு எழுதுவிக்கவும் காரணம் இல்லை.

குச்சவெளி: இரண்டில் எது நல்லது என்று ஒரே வரியில் சொல்லுங்கள், சேர்.

மூன்றாவது முறையாகவோ நான்காவது முறையாகவோ இதே கேள்வி வருகிறது. ஒரு வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடும். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கலப்பு முறையில் படித்தோர் நேரடியாக மட்டும் படித்தோரைவிடச் சராசரியில் ஓரளவு முன்னின்றனர். ஆனால் கலப்பு வகுப்பு மாணவருக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதால், பலனை இணையம் என்ற ஊடகத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. இந்தக் கேள்வியை இதோடு முடித்துக்கொள்வோம்.

தம்பலகாமம், மாணவர்: வகுப்புக்கு முன் வீடியோவைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பாதிப் பேர் பார்ப்பதில்லை. விரிவுரையாளர் எல்லாவற்றையும் மறுபடி விளக்குகிறார். பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு நேரம் வீண்.

புரட்டிய வகுப்பறை என்பார்கள் இதை. 2007 அளவில் கொலராடோவின் ஒரு பாடசாலையில் பேர்க்மன், சாம்ஸ் என்ற இரு இரசாயனவியல் ஆசிரியர்கள் இதைப் பரவலாக அறியச் செய்தார்கள். வீடியோவை விட, வகுப்புக்கு வந்தவுடன் என்ன நடக்கிறது என்பதே இதன் உயிர். விரிவுரையாளர் மறுபடி விளக்கினால், இப்போது பார்த்துவிட்டு வருபவர்களும் அடுத்த வாரம் பார்க்கமாட்டார்கள். பார்க்காதவர்களை ஒரு மூலையில் அமர்த்திப் பதிவைப் பார்க்க வைத்துவிட்டு, மற்றவர்களோடு கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் பார்க்காதவர்களில் எத்தனை பேருக்கு டேட்டா இல்லை என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

சீனக்குடா, மாணவர்: பதிவு இருப்பதால் வகுப்பில் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை, பரீட்சைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

சரியல்ல, தம்பி. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னின்றார்கள். பதிவைப் பத்து நிமிடம் கேளுங்கள், நிறுத்துங்கள், கேட்டதைத் தாளில் எழுதுங்கள். போனில் நாற்பது பதிவுகள் சேர்ந்திருப்பது படிப்பாகாது.

கோணேசபுரி, சித்த மருத்துவ மாணவி: எங்கள் பாடத்தை இணையவழியில் கொண்டுபோக முடியுமா?

மருந்துப் பொருட்களின் குணங்களைச் சொல்லும் குணபாடத்தின் கோட்பாட்டுப் பகுதியையும் நூல் வாசிப்பையும் கொண்டுபோகலாம். நாடி பார்ப்பதையும் மூலிகையை முகர்ந்து, தொட்டு அடையாளம் காண்பதையும் கொண்டுபோக முடியாது. நேரடி நாட்களை முழுவதும் இவற்றுக்கே ஒதுக்குமாறு கேளுங்கள்.

கிண்ணியா, இறுதியாண்டு மாணவி, மீண்டும்: சேர், படிவம் நிரப்பாதவர்களில் ஏழு பேரோடு பேசினேன். மூவரின் வீட்டில் ஒரே போன்தான். வாப்பா கடலுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய்விடுகிறார். நான் படிவத்தைக் காலையில் போட்டு அன்று மாலையே மூடிவிட்டேன். அவர்கள் அதைப் பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டது.

பிள்ளை, இதை உங்கள் ஆய்வின் பின்னிணைப்பில் வைக்காதீர்கள், கண்டறிதல்களின் முதற்பகுதியிலேயே எழுதுங்கள். எந்த நேரத்தில் போன் வீட்டில் இருக்கிறது என்று அந்த மூவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தை மீண்டும் திறந்து ஒரு வாரம் திறந்தே வையுங்கள். கடதாசிப் பிரதிகள் இருபதை எடுத்துக்கொண்டு அடுத்த நேரடி வகுப்புக்குப் போங்கள். நான் சொன்ன பத்துப் பேரில் மீதி மூவரையும் சந்தித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முடிவுரையை அதற்குப் பிறகு சேர்ந்து பார்ப்போம்.