கணக்கு நோட்டைப் பாட முடியுமா?

கேள்வி: எங்கள் தாத்தா பாம்பனில் சம்மாட்டியாக, அதாவது படகு முதலாளியாக, இருந்தவர். அவருடைய படகுக் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு அதை வைத்து ஒரு பாட்டு நாடகம் போடலாம் என்றேன். "வள்ளி திருமணம் போடு, டீசல் கணக்கை யாரு பாடுவா" என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கே இப்போது சந்தேகமாகிவிட்டது. நோட்டில் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். (பள்ளி ஆசிரியை, பாம்பன்)

பதில்: டீச்சர், அந்த இரண்டு பக்கத்தை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் 'கச்சான் காற்று, தொழில் இல்லை' என்று முழுசாக எழுதியிருக்கிறார். நாலாம் நாள் அது 'கச்சான், இல்லை' என்று சுருங்குகிறது. ஏழாம் நாளிலிருந்து வெறும் 'இல்லை'. ஒன்பதாம் நாள் அதுகூட இல்லாமல் ஒரு கோடு. பத்தாம் நாள் கொட்டை எழுத்தில் 'டீசல் 40 லிட்டர், ஐஸ் 6 பார்'. இதைவிட நல்ல பல்லவி எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாடுங்கள், கடைசியில் ஆர்மோனியம் மட்டும் ஒலிக்கட்டும், அப்புறம் டீசல் வரியை எல்லாரும் சேர்ந்து எடுக்கட்டும், பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அந்த ஒன்பது நாள் என்னவென்று தெரியும்.

வெளிநாட்டு மேடையில் இதைவிட ஆச்சரியமானவை எல்லாம் பாட்டாகியிருக்கின்றன. டி.எஸ். எலியட் குழந்தைகளுக்காகப் பூனைகளைப் பற்றி எழுதிய கவிதைகள் 1939-இல் புத்தகமாக வந்தன. அதில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதை வைத்து 1981-இல் லண்டனில் தொடங்கிய 'கேட்ஸ்' அங்கே 21 வருடம் ஓடியது. லின்-மானுவல் மிராண்டா என்ற அமெரிக்க நாடகக்காரர் விடுமுறைக்குப் போன இடத்தில் படித்த, அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற பழைய அமெரிக்கத் தலைவரின் தடிமனான வாழ்க்கை வரலாறுதான் 2015-இல் 'ஹாமில்டன்' ஆனது. அதில் அமெரிக்க மந்திரிசபைச் சண்டையைக்கூட ராப் பாட்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் நோட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் சொல்வது 2011-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் போட்ட 'லண்டன் ரோடு'. இப்ஸ்விச் நகரத்தில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்ட பிறகு அங்கே லண்டன் ரோடு என்ற தெருக்காரர்கள் பேசியதைப் பதிவு செய்து, அவர்கள் தடுமாறியது, இழுத்தது, சொன்னதையே திரும்பச் சொன்னது எல்லாவற்றையும் அப்படியே மெட்டில் உட்கார வைத்தார்கள். அழகுபடுத்தவே இல்லை. நீங்களும் தாத்தாவின் வரிகளைத் திருத்திக் கவிதையாக்கிவிடாதீர்கள், கெட்டுப்போகும்.

பெரியவர்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். வள்ளி திருமணத்துக்கு ராத்திரி முழுக்க ஜனம் உட்கார்ந்திருப்பது முக்கால்வாசி அந்த வள்ளி - நாரதர் தர்க்கத்துக்காகத்தான். அதே தர்க்கத்தை சம்மாட்டிக்கும் மீன் வியாபாரிக்கும் நடுவில் வையுங்கள், விலைக்கு. கேலி செய்தவர்களே முன்வரிசைக்கு வருவார்கள்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி. நம் பக்கம் இப்படி எதையாவது எடுத்து நாடகமாகப் பாடியிருக்கிறார்களா? (கீழக்கரை வாசகர்)

பதில்: கீழக்கரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு வருத்தம், பாய். உங்கள் ஊர் வள்ளல் பேரிலேயே 'சீதக்காதி நொண்டி நாடகம்' இருக்கிறதே! நொண்டி நாடகம் என்றால் அரசனும் கிடையாது, அவதாரமும் கிடையாது. திருடப் போய்க் கால் வெட்டுப்பட்ட ஒருத்தன் ஒற்றைக் காலில் நின்று, தான் சூதாடியது, ஏமாந்தது, மாட்டிக்கொண்டது எல்லாவற்றையும் தன் வாயாலேயே சிந்து மெட்டில் பாடுவான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரம். பள்ளு நாடகங்களைப் பாருங்கள், முக்கூடற்பள்ளில் நெல் வகையையும் மாட்டு வகையையும் மீன் வகையையும் அடுக்கடுக்காகப் பாடிக்கொண்டே போவார்கள், அதுவும் ஒரு கணக்கு நோட்டுதான். சாதாரண ஜனங்களின் பிழைப்பை எடுத்துப் பாடுவது நமக்குப் பழகிய வேலை, இடையில் நாம்தான் மறந்துவிட்டோம்.

கேள்வி: அப்படியானால் எதை எடுத்தாலும் பாட்டு நாடகமாக்கிவிடலாமா? (பரமக்குடி வாசகி)

பதில்: முடியாது. 'கேரி' என்ற பேய்க்கதை நாவலை 1988-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் பெரும் செலவில் போட்டார்கள், முறையான காட்சிகள் ஐந்தோடு மூடினார்கள். விசித்திரமாக இருக்கிறதே என்பதற்காக ஒன்றை எடுக்கக்கூடாது. அதற்குள் ஏற்கெனவே ஒரு தாளம் கேட்கிறதா என்று பாருங்கள். கரைவலை இழுக்கிறவர்களுக்கு அம்பாப் பாட்டு எதற்கு? எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அதற்கு. பாட்டு இல்லாவிட்டால் எந்த இடத்தில் வேலை நின்றுபோகுமோ அந்த இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி: 1964 தனுஷ்கோடிப் புயலைப் பாட்டு நாடகமாகப் போட ஆசை. சாவைப் பாடுவது தப்பு என்கிறார் அம்மா. (இராமேஸ்வரம் வாசகர்)

பதில்: அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடி ஸ்டேஷன் எட்டும் முன்பே கடல் கொண்டுபோனது. அதில் போனவர்கள் யாருமே திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் நம்மோடு இருக்கின்றன. அலையையும் அலறலையும் மேடையில் காட்டி மெட்டுப் போட்டால் நானே எழுந்து போய்விடுவேன். ஆனால் பாடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரம் தாக்கப்பட்டு அமெரிக்கா வான்வெளியை மூடியபோது 38 விமானங்கள் கனடாவில் கேண்டர் என்கிற சின்ன ஊரில் இறங்கின, கிட்டத்தட்ட 7,000 பேர். அவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோறும் படுக்கையும் கொடுத்த கதைதான் 'கம் ஃப்ரம் அவே' என்ற பாட்டு நாடகம். கோபுரம் இடிந்ததை அவர்கள் காட்டவே இல்லை, ஆனால் வீட்டுக்கு போன் போட்டு மகன் பிழைத்தானா என்று கேட்கிற ஒரு தாய் அதில் இருக்கிறாள். நீங்களும் கரையில் நின்றவர்களிடமிருந்து தொடங்குங்கள். மறுநாள் யார் வந்தார்கள், யார் கஞ்சி காய்ச்சினார்கள், இதைத் தெரிந்த வயசானவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எழுதியதை முதலில் அவர்களுக்குப் பாடிக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வரியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாட ஆள் இருக்கிறது, ஆனால் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஒத்திகைக்கு எங்கே நேரம்? (தொண்டி இளைஞர்)

பதில்: தம்பி, ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில்தான் கிடக்கும். பகலில் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆள் கிடைக்கும். ஆர்மோனியக்காரருக்கு மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள், சித்திரை வைகாசியில் அவருக்குத் திருவிழா தேதி நிறைய இருக்கும்.