படம் பார்த்துச் சொன்ன கதையில் தேவை எது, அழுத்தம் எது? கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் மனநலத் துறையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படம் போட்ட அட்டையைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் உளவியல் சோதனை, டி.ஏ.டி. எனப்படும் ‘தீமாட்டிக் அப்பெர்செப்ஷன் டெஸ்ட்’. அதைப் பற்றிக் கேள்விகளைத் தொகுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு நிபந்தனை: அட்டைகளை ஒவ்வொன்றாக விவரிக்க மாட்டேன். நாளை யாருக்காவது அதே அட்டையை நீட்டப்போகிறார்கள். ஏற்கெனவே எல்லாப் பாடப்புத்தகத்திலும் வந்துவிட்ட ஓரிரு அட்டைகளை மட்டும் தொடுகிறேன்.

அண்ணா, நான் பகுதிநேரமாக ஆலோசனைத் துறையில் படிக்கிறேன். இந்தச் சோதனையை உருவாக்கிய முர்ரே பட்டியலிட்ட இருபது மனத் தேவைகளும் மனப்பாடம், ஆனால் கதையைக் கையில் கொடுத்தால் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. (ஈசூன்)

மனப்பாடம் செய்ததுதான் சிக்கலே. ஹென்றி முர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் ஹார்வர்டில் இந்த முறையை 1935ல் வெளியிட்டார்கள். தேவைப் பட்டியல் 1938ல் விரிவாக வந்தது. இன்று நாம் பார்க்கும் அட்டைத் தொகுப்பு 1943. பட்டியல் முக்கியம்தான். ஆனால் முர்ரே தேவையைத் தனியாகப் பார்க்கச் சொல்லவில்லை. நாயகனுக்குள்ளிருந்து எழுவது தேவை. வெளியிலிருந்து அவன்மேல் வந்து படிவது அழுத்தம். இரண்டும் மோதும் இடம்தான் கதையின் கரு.

‘அழுத்தம்’ என்ற சொல் பாதி ஏமாற்றும், கவனம். யாரோ அன்பாகச் சோறு போட்டாலும் முர்ரே கணக்கில் அது அழுத்தம்தான், நாயகனை ஏதோ ஒரு பக்கம் நகர்த்துகிறது அல்லவா? ஒன்று இல்லாமல் இருப்பதும் அழுத்தம். இருந்ததை இழப்பது இன்னொரு வகை.

சரி, ஒரு கதையைப் பிரிப்போம். படமும் கதையும் நானே கட்டியவை, யாருடைய கோப்பிலிருந்தும் எடுக்கவில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழே வாய்ட் டெக், அதாவது திறந்த கீழ்த்தளம். சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை. சீருடையில் ஒரு பையன், மடியில் பை. தள்ளி லிஃப்ட் வாசலில் முதுகைக் காட்டி நிற்கும் பெரியவர். இந்தப் படத்துக்குப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கதை சொல்கிறான்:

“சாவிய மறந்துட்டான். அம்மா எட்டு மணிக்குத்தான் வருவாங்க. தாத்தாகிட்ட கேக்கலாம், ஆனா திட்டுவாரு. அதனால ஹோம்வொர்க் செய்ற மாதிரி உக்காந்திருக்கான். அப்புறம் அம்மா வந்து ஏன் போன் பண்ணலன்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டுத் தூங்கிட்டான்.”

புதிதாகப் படிப்பவர்கள் ‘ஹோம்வொர்க்’ என்றதும் சாதனைத் தேவை என்று எழுதிவிடுவார்கள். ‘செய்ற மாதிரி’ என்கிறான், பாருங்கள். அது வேடம். அடியில் இருப்பது அவமானத்தைத் தவிர்க்கும் தேவை. உதவி கேட்கும் தேவை தலை நீட்டுகிறது (“கேக்கலாம்”), ஒரே ‘ஆனா’வில் அடங்கிவிடுகிறது. அழுத்தம் எது? முதலில் இல்லாமை: சாவி இல்லை, அம்மா இல்லை. இந்த இரண்டும் படத்திலேயே கிடையாது, பையன் கொண்டுவந்தவை. அடுத்தது தாத்தாவின் திட்டு. பெரியவர் வாயே திறக்கவில்லை, முகம்கூடத் தெரியவில்லை. உள்ளபடி இருக்கும் அழுத்தத்தை முர்ரே ஆல்ஃபா என்றார், ஆள் உணரும் அழுத்தத்தை பீட்டா என்றார். தாத்தா இங்கே முழுக்க பீட்டா. கதையில் நமக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். நிஜத் தாத்தா எப்படி என்பதைக் கதை சொல்லாது, வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் கேள்வி அக்கறையா, குற்றச்சாட்டா? எனக்குத் தெரியாது. சொன்னபோது குரல் எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் தெரியும். அதனால்தான் சொல் சொல்லாக, இழுத்த இடம், நிறுத்திய இடம் எல்லாம் குறிக்கச் சொல்கிறோம்.

முடிவையும் பாருங்கள். சிக்கல் தானாகத் தீர்ந்தது, நாயகன் எதுவும் செய்யவில்லை. முர்ரே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எத்தனை முறை, கதைக்கு எவ்வளவு முக்கியம். அவமானத் தவிர்ப்புக்கு 4 போடுவேன், உதவி நாடலுக்கு 2. ஆனால் இது ஒரே கதை. இன்னும் எட்டுப் பத்துக் கதைகளில் இதே ‘ஆனா’ திரும்பி வந்தால்தான் வாய் திறப்பேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மதிப்பீட்டில் படம் காட்டிக் கதை கேட்டார்களாம். கதையில் அம்மா செத்துப்போனாள் என்று அவளே வந்து சொன்னாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. (செங்காங்)

தூங்குங்கள்மா. பிள்ளைகளின் கதையில் அம்மா சாவது சர்வ சாதாரணம். அம்மா இருக்கிற வீட்டிலிருந்து பிள்ளை காட்டுக்குப் போக முடியாது, பூதத்தைப் பார்க்க முடியாது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் அப்படித்தானே. இழப்பு என்ற அழுத்தம் வந்ததும் நாயகி என்ன செய்தாள், யார் வந்து கையைப் பிடித்தார்கள் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். அறிக்கை வந்ததும் மதிப்பிட்டவரிடம் கேளுங்கள். மகளிடம் மட்டும் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த கதையாகப் பார்த்துச் சொல்வாள்.

வயலின் முன்னால் பையன் உட்கார்ந்திருக்கும் முதல் அட்டைக்கு இங்கே எல்லாருமே ‘அம்மா கிளாஸில் சேர்த்துவிட்டாள்’ கதைதான் சொல்கிறார்கள். எல்லா அம்மாக்களும் ஆதிக்கக்காரர்களா? (பள்ளி ஆலோசகர், உட்லண்ட்ஸ்)

இதில் நான் அடிபட்டவன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு ஓர் அறிக்கையில் ‘அடக்கி ஆளும் தாய்’ என்று ஜம்பமாக எழுதினேன். மேற்பார்வை செய்த அம்மையார் பென்சிலால் அடித்துவிட்டு, “இந்த ஊரில் டியூஷன் வராத வயலின் கதை எத்தனை கேட்டாய்?” என்றார். விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதும்.

எல்லாரும் சொல்லும் கதை அட்டையைப் பற்றியது, ஊரைப் பற்றியது. ஆளைப் பற்றி அதில் கொஞ்சம்தான் இருக்கும். மார்கன் அந்தப் படத்தை வரைந்தது வயலின் மேதை யெஹுதி மெனுஹின் சிறுவனாக இருந்தபோது எடுத்த புகைப்படத்தைப் பார்த்து. அந்த மேதை எங்கே, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குப் படிக்கும் நம் பிள்ளை எங்கே! ஆதிக்க அழுத்தம் இருக்கிறது என்று குறியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அம்மா சேர்த்துவிட்ட பிறகு பையன் வாசிக்கிறானா, ஒளித்து வைக்கிறானா, கம்பியை அறுக்கிறானா? ஆள் அங்கேதான் தெரிவான்.

ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்) சொன்னதில் அம்மாவும் இல்லை, வகுப்பும் இல்லை. “இது அவன் சாமான் இல்ல சார். கடனுக்கு ஈடா யாரோ வெச்சுட்டுப் போயிருக்கான். திருப்பிக் கேட்டு வருவானேன்னு பாத்துக்கிட்டிருக்கான்.” வழக்கமான கதையிலிருந்து இவ்வளவு தூரம் விலகினால் பேனாவை எடுக்கலாம்.

கதையைத் தமிழில் சொல்ல விடலாமா? ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தானே அறிக்கை எழுதுகிறோம்? (பயிற்சியாளர், புவாங்கோக்)

சொல்பவருக்கு எது வாய்க்கு வருகிறதோ அதில் விடுங்கள். நடுவில் மொழி மாறினால் மாறிய இடத்தைக் குறியுங்கள். பேய் வரும்போது தமிழுக்கும் ஆசிரியர் வரும்போது ஆங்கிலத்துக்கும் தாவுகிற பிள்ளைகள் உண்டு.

ஆபத்து மொழிபெயர்ப்பில்தான். “வீட்டுக்குப் போனான், திட்டிட்டாங்க.” யார் திட்டினார்கள்? தமிழுக்கு எழுவாய் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது கை தானாக ‘பெற்றோர்’ என்று போட்டுவிடும். ஆள் முகமில்லாத ஓர் அழுத்தத்தைச் சொன்னார், நாம் அதற்கு அப்பா முகத்தை ஒட்டிவிட்டோம். அகப்பாடலில் இது யார் கூற்று என்று தெரியாமல் உரை எழுத உட்காருவதுபோலத்தான் இதுவும். உடனே “யாரு திட்டினாங்க?” என்று மெதுவாகக் கேட்டுவிடலாம், அதுவரை ஊகம் வேண்டாம்.

இன்னொன்று, சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘ஆம்’. “அவனுக்கு டாக்டர் ஆகணும்” என்றால் சாதனைத் தேவை, நாயகனுடையது. “அவன் டாக்டர் ஆகணுமாம்” என்றால்? யாரோ சொல்லக் கேட்டது. ஆசை வேறு யாருடையதோ, அல்லது சொல்பவரே அதை நம்பவில்லை, கொஞ்சம் நக்கலும் இருக்கலாம். ஒரே ஒரு ஒட்டு, தேவை அழுத்தமாகத் திரும்பிவிட்டது. மொழிபெயர்த்ததும் முதலில் தொலைவது இந்த ‘ஆம்’தான். அதனால் நான் தமிழ் வாசகத்தை அப்படியே எழுதி, மதிப்பெண்ணையும் அதன்மேலேயே போட்டுவிட்டுத்தான் மொழிபெயர்ப்பேன்.

ஒரு கதையில் இரண்டு நாயகர்கள் வந்தால்? (மாணவர், கிளமெண்டி)

இருவருக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். சொல்பவர் யாருடைய மனதுக்குள் அதிகம் புகுந்து பேசுகிறாரோ அவர்தான் நாயகன். பாதிக் கதையில் ஆள் மாறலாம், மாறிய வாக்கியத்தைக் கோடிடுங்கள்.

வெளிப்படையாகக் கேட்கிறேன், இது அறிவியலா, கிளி ஜோதிடமா? (பொறியாளர், ஜூரோங்)

யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அட்டையைக் காட்டி, கதையைக் கேட்டு, கண்ணை மூடி ‘இவருக்கு உள்மனதில் கோபம்’ என்றால் கிளிதான். மருத்துவமனைகளில் பலர் முர்ரே மதிப்பெண்ணே போடாமல் இப்படி வாசிப்பதுண்டு. 2000ல் லிலியன்ஃபெல்ட், வுட், கார்ப் என்ற உளவியலாளர்கள் மூவரும் இந்தப் பழக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்தக் கண்டனத்தில் பெரும்பகுதி நியாயம் என்பது என் எண்ணம்.

ஆனால் இன்னொரு கிளை இருக்கிறது. 1948ல் அட்கின்சன், மெக்லெல்லண்ட் என்ற உளவியலாளர்கள் அமெரிக்கக் கடற்படை ஆட்களைச் சாப்பிட்டு 1 மணி, 4 மணி, 16 மணி நேரம் ஆன நிலையில் கதை சொல்ல வைத்தார்கள். பசி ஏறினால் கதையெல்லாம் பிரியாணி என்றுதானே நினைப்போம்? இல்லை. கதையில் சாப்பிடும் காட்சி கூடவில்லை. உணவு கிடைக்காத நிலை கூடியது, அதைத் தேடிப் போகும் செயல் கூடியது. அதாவது வயிற்றில் இருக்கும் தேவை கதையில் அழுத்தமாகவும் முயற்சியாகவும் வந்தது. ‘கதையில் நிறையச் சாப்பிடுகிறான், அதனால் பசி’ என்று நேர்க்கோடு போடாதே என்று இதை வைத்துத்தான் மாணவர்களுக்குச் சொல்வேன். அந்த வழியில் சாதனை, உறவு, அதிகாரம் என்று சில தேவைகளுக்குத் தெளிவான விதிநூல்கள் எழுதினார்கள். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டாலும் நன்றாக ஒத்துப்போகும். அதற்காக ஒருவருடைய மனநோயை இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊரில் என் தம்பி ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் போகிறான். அங்கே படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்களாமே, பயிற்சி மையத்தில் மாதிரிக் கதைகளை மனப்பாடம் செய்கிறான். (தோ பாயோ)

இந்திய ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத் தேர்வு அது. 30 விநாடி படம், 4 நிமிடம் எழுத்து, கடைசியில் ஒரு வெற்றுத் திரை, மொத்தம் 12 கதைகள். மனப்பாடக் கதையில் தேவை கொட்டிக் கிடக்கும், அழுத்தமே இருக்காது. நாயகன் கிராமத்துக்கு வருவான், ஆற்றில் பாலம் கட்டுவான், எல்லாரும் கைதட்டுவார்கள். பாலம் கட்ட யார் தடை, பணம் எங்கே, மழை வந்ததா? தடையே இல்லாத வெற்றியைப் படிப்பவர் எத்தனை நூறு பார்த்திருப்பார்! சொந்தக் கதையை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம்.

வெள்ளை அட்டை ஒன்று உண்டாமே, அதில் அழுத்தம் எங்கிருந்து வரும்? (ஆசிரியை, பிடோக்)

16ஆம் அட்டை. ஒன்றும் இருக்காது. அதில் ஒரு படத்தை மனதில் பார்த்துச் சொல்லச் சொல்வோம், பிறகு அதற்கொரு கதை. தேவை, அழுத்தம் இரண்டும் சொல்பவர் கொண்டுவருவதுதான். சிலர் விடுமுறைக் கடற்கரையைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீட்டில்) தனியாக இருந்த ஒரு பாட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேட்டி. தொவைச்சு மூங்கில் கம்புல காயப்போட்டிருக்கு” என்றார். பிறகு?

“மழை இருட்டிக்கிட்டு வருது. யாராவது எடுக்கணும்.”

யார் எடுப்பார்கள் என்று கேட்டேன்.

“நான்தான். வேற யாரு.”

பிறரைப் பேணும் தேவைக்கு 3 போட்டேன், இழப்பு அழுத்தத்துக்கு 5. வேட்டி யாருடையது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.