பார்க்க ஒன்றுமில்லாத ஊரா?

கேள்வி: எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் கிராமம். விடுமுறையில் பிள்ளைகளை ஊட்டி, கொடைக்கானல் என்று கூட்டிப்போக வசதியில்லை. சாத்தனூர் அணையை விட்டால் இங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது, கல்லும் முள்ளும்தான். எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: ஊட்டிக்குப் போக முடியவில்லை என்ற வருத்தம் புரிகிறது. ஆனால் ‘கல்லும் முள்ளும்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தக் கல்லைத் தேடித்தான் தொல்லியல் துறையினர் உங்கள் பக்கத்துக் காடு மேடெல்லாம் நடந்தார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, தொகுத்து 1972-ல் தனி நூலாகவே வெளியிட்டார்கள்.

எடுத்தனூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்கே கிடைத்த ஒரு நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறக்குறைய 1400 வருடப் பழசு. கால்நடைப் பூசலில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அதில் அவனோடு ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் நமக்குத் தெரியாமலே போய்விட்டது. இந்த நாயின் பெயர் தெரிகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

மோட்டூரில், இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெருங்கற்காலத்தில் வைத்த கல்வட்டங்களுக்கு நடுவே, தோள் அகன்ற மனித உருவாய் வெட்டிய பெரிய பலகைக்கல் நிற்கிறது. அதுவும் உங்கள் தாலுகாதான். இவ்வளவு ஏன், உங்கள் பக்கத்து வேடியப்பன் கோயில்கள் பலவற்றில் சாமியாக இருப்பதே நடுகல்தானே? எண்ணெயும் மஞ்சளும் ஏறிய அந்தக் கல்லில் வில்லும் வாளுமாக நிற்கிறவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா?

நடுப்பகலில் போகாதீர்கள். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் மொட்டையாகத்தான் தெரியும். காலையில், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போனால் வெட்டிய பள்ளங்களில் நிழல் தங்கும். ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் எழுத்து எழுந்து வரும். தெளிவாகத் தெரியட்டும் என்று சுரண்டவோ பெயின்ட் பூசவோ மட்டும் வேண்டாம்.

அப்புறம், சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை கொடுக்காமலே இறக்கிவைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாக இதை வைப்பது வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். நான் பார்த்த ஒன்றில் மேல்கல்லின் நடுப்பகுதி, கூடையும் விறகுக்கட்டும் உரசி உரசி, அம்மிக்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் போனேன். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள், கல்லைக் காணோம். எப்போது போனது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ‘எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை’ என்ற பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைப்பது இதனால்தான். இல்லை என்று நாமே சொல்லிவிட்டால், எடுத்துப் போடுகிறவர் யாரைக் கேட்கப்போகிறார்?

சரி, பிள்ளைகளுக்கு நல்ல காட்சியும் வேண்டும் என்றால் சாயங்காலம் ஏரிக்கரைமேல் நடத்திக் கூட்டிப்போங்கள். வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு எது, ஏரி நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்து கோடி போகிற இடம் எது என்று காட்டுங்கள். இன்னொரு நாள், ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால் அவர் பின்னாலேயே போங்கள். எந்தப் பாறைக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். எழுத்து வெட்டிய கல் எதுவும் கண்ணில் பட்டால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.